கிசான் பணமும் ஒரு பாஸ்வேர்டும்: 2020 தமிழ்நாட்டு முறைகேடு, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஆகஸ்ட். ஊரடங்கு விலகியும் விலகாமலும் இருந்த நேரம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில், பெயருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பலருடைய வங்கிக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் வந்து விழுந்தது. வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு அது பெரிய பணம். பலரிடம் 'கொரோனா நிவாரணம்' என்றே சொல்லப்பட்டிருந்தது. ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் கொடுத்தார்கள். பதிவு செய்து தந்தவருக்குக் கமிஷனும் கொடுத்தார்கள். அரசின் கணினியில் தாங்கள் விவசாயி ஆகிவிட்ட விஷயம் அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த மாதமே அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு அரசாங்கம் வந்தது.

அதுதான் விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு நேரடியாகப் பணம் தரும் பிரதமர் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்த முறைகேடு. பேப்பரில் நாலு வாரம் ஓடி, கைதுகளோடு மறந்துபோன செய்தி. ஆனால் ஒரு நலத்திட்டம் எந்த இடத்தில் உடைகிறது, உடைந்ததை ஒட்டவைக்கும்போது யார் கை மாட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

திட்டம் எப்படி அமைந்திருந்தது

2019 பிப்ரவரி 1 அன்று, அப்போது நிதித் துறையைக் கவனித்த ஒன்றிய அமைச்சர் பியூஷ் கோயல் தாக்கல் செய்த இடைக்கால பட்ஜெட்டில் இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அறிவித்தது பிப்ரவரியில் என்றாலும் 2018 டிசம்பர் 1 முதலே அமலுக்கு வந்ததாகக் கணக்கு. பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் முதல் தவணை விடுவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் பணத்துக்கும் இடையே 23 நாள். கோடிக்கணக்கான பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு திட்டத்துக்கு இந்த வேகம் அசாதாரணம்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம், நேராக வங்கிக் கணக்கில். ஆரம்பத்தில் இரண்டு ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயக் குடும்பங்களுக்கு மட்டும். தேர்தல் முடிந்து ஆட்சி அமைந்ததும் அந்த வரம்பு எடுக்கப்பட்டு, 2019 ஜூன் முதல் நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரிந்தது. வருமான வரி கட்டுபவர்கள், அரசு ஊழியர்கள் (கடைநிலை ஊழியர்கள் நீங்கலாக), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள் (கடைநிலை ஊழியர்கள் நீங்கலாக), தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்றோர், எம்.எல்.ஏ., எம்.பி. பதவியில் இருப்பவர்கள், இருந்தவர்கள் வாங்கக் கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள்.

இந்த விதிகளில் இரண்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கே தகுதி. அதன்பின் வாங்கியவருக்கோ, அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்து வாங்கிக்கொண்ட மகனுக்கோ கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. இன்னொன்று, பணம் முழுக்க ஒன்றிய அரசுடையது. ஆனால் தகுதியானவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு முழுக்க மாநில அரசுடையது. பின்னால் வந்த வாய்ச்சண்டை எல்லாம் இந்த இரண்டாவது விதியில்தான்.

யார் விவசாயி என்று சொல்வது யார்?

2019-ல் தமிழ்நாட்டில் இந்த வேலை பழைய வழியில் நடந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பம், கூடவே சிட்டா, ஆதார், வங்கிக் கணக்கு. வி.ஏ.ஓ.வுக்கு ஊரைத் தெரியும். யாருக்கு நிலம் இருக்கிறது, யாருடைய நிலம் எப்போதோ பிளாட் போட்டு விற்றாகிவிட்டது, பட்டாவில் இருக்கும் பெரியவர் காலமாகி எத்தனை வருஷம் ஆயிற்று என்பதெல்லாம் அவருக்கு ஏறக்குறைய மனப்பாடம். இந்த முறையிலும் குறை உண்டு. வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பது உண்டு, கையில் ஏதாவது வைத்தால்தான் கையெழுத்து என்பதும் உண்டு. ஆனால் ஒரே மாதத்தில் லட்சக்கணக்கான பொய் விவசாயிகளை உருவாக்க அந்த முறையால் முடியாது. மனிதக் கைக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

அப்புறம் விவசாயியே இணையத்தில் நேராகப் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்தது. நல்ல எண்ணம்தான். விடுபட்டவர்கள் வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் நிற்காமல், பக்கத்து இ-சேவை மையத்திலேயே பதிவு போட்டுவிடலாம். பதிவு போட்டவுடன் பணம் வந்துவிடாது. வேளாண்மைத் துறையின் வட்டார, மாவட்ட அலுவலர் தமது லாகினில் நுழைந்து, சரிபார்த்து, ஒப்புதல் தர வேண்டும்.

அந்த ஒப்புதல் பொத்தான்தான் இந்த மொத்தக் கதையின் மையம். பொத்தானுக்கு முன்னால் நிலத்தைப் பார்க்க வேண்டும், ஆவணத்தைப் பார்க்க வேண்டும். பொத்தானுக்குப் பின்னால் எல்லாம் தானாக நடக்கும். ஆதார் எண் சரியா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் கணினி பார்க்கும். ஆதார் 'இவர் இவர்தான்' என்று சொல்லும். 'இவருக்கு நிலம் இருக்கிறது' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வருவாய்த் துறையின் பட்டா விவரமும் கிசான் தளமும் அப்போது ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை. ஆக, ஒருவர் விவசாயி என்பதற்கு அந்த அலுவலரின் லாகின் ஒன்றே சாட்சி.

2020-ல் கொரோனா வந்தது. நேரில் போய்ப் பார்க்கும் வேலை தளர்ந்தது. வட்டார அலுவலகங்களில் கணினி வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். அதிகாரியின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அவர்கள் கையில் இருப்பது நம் அலுவலகங்களில் சர்வ சாதாரணம். அரசு அலுவலகம் ஒன்றில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சின்னச் சீட்டில் பாஸ்வேர்டு எழுதியிருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. இந்த முறை அது அலுவலகத்தை விட்டு வெளியே போனது. தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பத்தைப் பதிவு செய்தவரே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டார். தேர்வு எழுதுகிற பையனிடமே விடைத்தாளையும் சிவப்பு மையையும் கொடுத்த கதை.

110 கோடி

ஆகஸ்ட் 9 அன்று ஆறாவது தவணை நாடு முழுவதும் விடுவிக்கப்பட்டது: எட்டரைக் கோடிப் பேருக்கு 17,000 கோடி ரூபாய். அந்த மாதத்தில்தான் தமிழ்நாட்டில் பயனாளிகள் எண்ணிக்கை திடீரென எகிறியிருப்பது கண்ணில் பட்டது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி விவரங்களை வெளியிட்டார். தகுதியில்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. பிறகு ஒன்றிய வேளாண் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, சோதிக்கப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியற்றவை.

அந்த விகிதத்தைக் கவனியுங்கள். சோதித்ததில் பத்துக்கு ஒன்பது பொய். அங்கே ஓட்டை வழியாகச் சிலர் நுழைந்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வழியே பொய்க்காகத்தான் பயன்பட்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் போடலாம். 110 கோடியை ஐந்தரை லட்சத்தால் வகுத்தால் ஆளுக்குச் சரியாக 2,000 ரூபாய். சராசரியாக ஒரே ஒரு தவணை. அதாவது முறைகேடு ஆரம்பித்த வேகத்திலேயே பிடிபட்டுவிட்டது. பிடிபடாமல் ஒரு வருஷம் ஓடியிருந்தால் தொகை மூன்று மடங்கு. இதை யாரும் அப்போது பாராட்டிச் சொன்னதாக நினைவில்லை. இவ்வளவு பெரிய எண்ணிக்கையை ஒரே மூச்சில் ஏற்றாமல், மாதம் நூறு இருநூறு என்று சாமர்த்தியமாக ஏற்றியிருந்தால் பிடிபட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. பேராசைதான் காட்டிக்கொடுத்தது.

13 மாவட்டங்களில் வழக்குப் பதிவானது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர், சேலம் என்று பெரும்பாலும் வடக்கும் வடமேற்கும். கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. ஒன்றிய அரசு தந்த விவரப்படி 96 ஒப்பந்த ஊழியர்கள் மீது நடவடிக்கை, 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை, 52 பேர் கைது. வட்டார, மாவட்ட லாகின்கள் முடக்கப்பட்டன. அந்த செப்டம்பருக்குள்ளேயே 61 கோடி ரூபாய் மீட்கப்பட்டதாகக் கணக்கு வந்தது.

மீட்டது எப்படி? வங்கிகளுக்குப் பட்டியல் போனது. கணக்கில் பணம் இருந்தால் எடுத்துக்கொள்ளப்பட்டது. இல்லையென்றால் ஆளைத் தேடிப் போய்க் கட்டச் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு நெருடுகிறது. ஒருவர் 2,000 ரூபாய் வாங்கியிருக்கிறார், அதில் ஒரு பங்கைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டார். திருப்பிக் கட்டச் சொன்னதோ முழு 2,000. கமிஷனை யாரிடம் கேட்பது? பட்டியலின் அடியில் இருந்த தினக்கூலிக்காரர், நடந்த குற்றத்தில் கையிலிருந்ததையும் விட்டவர். அவர் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. நிலம் இல்லை என்று தெரிந்தே கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் 110 கோடி எப்படிப் போனது என்ற கேள்விக்கு அவர் விடை ஆக முடியாது.

பழி யார் மேல்?

அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, விவசாயிகளே நேரடியாகப் பதிவு செய்யலாம் என்று ஒன்றிய அரசு வழி திறந்ததால்தான் இந்த முறைகேடு நடந்தது என்றார். தகுதி பார்ப்பது மாநிலத்தின் பொறுப்பு என்பது டெல்லியின் நிலை. எதிர்க்கட்சிகள் இருவரையும் திட்டின. இதில் யார் சொன்னதும் முழுப் பொய் கிடையாது. பதிவை எளிதாக்கியது டெல்லி, சாவியைத் தொலைத்தது இங்கே.

ஆனால் எளிதாகப் பதிவு செய்வதைக் குற்றம் சொல்வது எனக்கு ஏற்பில்லை. விண்ணப்பம் எளிதாக இருக்க வேண்டும். கஷ்டமாக இருக்க வேண்டியது ஒப்புதல். ஒரு லாகினிலிருந்து ஒரே நாளில் எத்தனை ஒப்புதல் போகலாம் என்று ஒரு வரம்பு, ஒப்புதல் தருகிற ஒவ்வொரு முறையும் அதிகாரியின் கைப்பேசிக்கு ஒரு ஓடிபி, இவ்வளவு இருந்திருந்தாலே போதும். ஏடிஎம்மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தால்கூட நம் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறது. தமது பெயரில் ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு ஒப்புதல் போனது அந்த அதிகாரிக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை. பயனாளிகளில் ஐந்து சதவீதம் பேரை நேரில் சரிபார்க்க வேண்டும் என்று விதி உண்டு. அதுவும் பணம் போன பிறகு பார்ப்பது.

தெலங்கானா இதே மாதிரித் திட்டத்தை ஒன்பது மாதம் முன்பே ஆரம்பித்தது. 2018 மே மாதத்தில் ரைத்து பந்து, ஏக்கருக்குப் பருவம் ஒன்றுக்கு 4,000 ரூபாய். அங்கே பணம் கொடுப்பதற்கு முன், 2017 கடைசியில், மாநிலம் முழுவதும் நில ஆவணங்களைக் கிராமம் கிராமமாகச் சரிபார்த்துப் புதிய பட்டாதாரர் பாஸ்புத்தகம் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்துக்கும் பெரிய குறைகள் உண்டு. நிலத்துக்கு உச்சவரம்பு வைக்காததால் நிறைய நிலம் உள்ளவருக்கு நிறையப் பணம் போனது. குத்தகைக்காரருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் ஆவணம், பிறகு பணம் என்ற வரிசை அங்கே சரியாக இருந்தது. கிசான் திட்டத்தில் 23 நாளில் பணம் போக வேண்டியிருந்தது. ஆவணம் பிறகு வரட்டும் என்று விட்டாகிவிட்டது.

2021 ஜூலையில் அப்போதைய ஒன்றிய வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இன்னும் பெரிய படத்தைக் காட்டியது. நாடு முழுவதும் 42 லட்சம் தகுதியற்றவர்கள், 2,900 கோடி ரூபாய்க்கு மேல். முதலிடம் அசாம், 8.35 லட்சம் பேர். அடுத்தது தமிழ்நாடு, 7.22 லட்சம் பேர், சுமார் 340 கோடி. தமிழ்நாட்டுச் சராசரி இப்போது ஆளுக்கு 4,700 ரூபாய் பக்கம் வருகிறது. ஆக இந்தப் பட்டியலில் 2020 ஆகஸ்டுக் கூட்டத்தைத் தவிர, சத்தமில்லாமல் தவணை தவணையாக வாங்கிக்கொண்டிருந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். நாட்டுக் கணக்கில் வருமான வரி கட்டுபவர்கள் முக்கியமான கூட்டம். அவர்களைத் தேடி யாரும் குடிசைக்குப் போகவில்லை.

பூட்டுக்கு மேல் பூட்டு

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பின் நடந்ததுதான்.

தமிழ்நாடு, அசாம் அனுபவங்களுக்குப் பிறகு ஒன்றிய அரசு ஒவ்வொரு பூட்டாகப் போட்டது. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம். வருமான வரித் தரவோடு ஒப்பீடு. இ-கேஒய்சி என்ற ஆள் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், அதாவது ஓடிபி அல்லது கைரேகை, பின்னர் முகப்பதிவும். நில ஆவணத்தைப் பயனாளியோடு இணைப்பது. ஒவ்வொன்றும் நியாயமான பூட்டு. எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பதைத் தவணைக் கணக்கே சொல்கிறது. 2022 மே 31 அன்று பதினோராவது தவணை பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று பன்னிரண்டாவது தவணை எட்டுக் கோடிச் சொச்சம் பேருக்கு. நாலரை மாதத்தில் சுமார் இரண்டு கோடிப் பெயர்கள் நின்றுபோயின. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் நாற்பது லட்சத்தைத் தாண்டியிருந்த பட்டியல் இப்போது 21 லட்சம் பக்கத்தில் இருக்கிறது.

நின்றுபோன எல்லாரும் பொய்யர்களா? தமிழ்நாட்டு நில ஆவணத்தைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. மொத்தம் 79 லட்சம் நில உடைமைகள். ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரில் மூன்று ஏக்கர். அவர் போய் இருபது வருஷம். மூன்று பிள்ளைகள் வாய்வார்த்தையாக வரப்பு போட்டு ஆளுக்கு ஒரு ஏக்கர் செய்கிறார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, அல்லது மூன்று பேர் பெயரும் போட்ட கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. தனிப்பட்டா வேண்டுமென்றால் வாரிசுச் சான்று, சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்வது, அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே நாளில் கையெழுத்துப் போடுவது என்று நிறைய வேலை. அதில் ஒரு தம்பி திருப்பூரில் இருப்பார், இன்னொருவரோடு பேச்சுவார்த்தை இருக்காது.

பழைய முறையில் வி.ஏ.ஓ. 'ஆமாம், இவர்தான் செய்கிறார்' என்று சொல்லி முடித்திருப்பார். கணினிக்கு அந்த 'ஆமாம்' தெரியாது. பட்டாவில் 'முருகேசன்', ஆதாரில் 'கோ. முருகேசன்' என்று இருந்தாலே அது தயங்கும். வயதானவர்களுக்கு இன்னொரு தொல்லை, காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை பதிவதில்லை. விவசாயி என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி உண்டா என்று கேட்டால் இயந்திரத்துக்குப் புரியாது.

ஆக 2020-ல் நிலமே இல்லாதவர் இரண்டு நிமிடத்தில் விவசாயி ஆனார். 2022-க்குப் பிறகு நிலத்தில் நிற்பவர் தாம் விவசாயிதான் என்று நிரூபிக்க வருஷக்கணக்கில் அலைகிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நிலம் யாருடையது, உழுவது யார் என்று சொல்லக்கூடிய, நம்பத்தகுந்த, இன்றைய தேதிக்கான பதிவேடு நம்மிடம் இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் முதலில் பாஸ்வேர்டை நம்பினோம், அடுத்து கைரேகையை நம்புகிறோம்.

தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் 6,000 என்று வைத்தது இன்றும் 6,000தான். மாதம் ஐந்நூறு ரூபாய். இதை 12,000 ஆக்கலாம், குத்தகை விவசாயிகளுக்கும் கொடுக்கலாம் என்று வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்துத்தான் பிரதமர் இருபத்தியோராவது தவணையை விடுவித்தார். ஒன்பது கோடிப் பேருக்கு 18,000 கோடி ரூபாய். ஐந்து வருஷத்துக்கு முன் எந்த மாநிலத்தில் பட்டியல் கிழிந்ததோ, அதே மாநிலத்தின் மேடை.

இப்போது அடுத்த ஏற்பாடாக விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வந்திருக்கிறது. ஆதார், நில விவரம், பயிர் விவரம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கோக்கும் திட்டம். தமிழ்நாட்டிலும் 2025-ல் கிராமம் கிராமமாக முகாம் போட்டுப் பதிந்தார்கள். கிசான் பணம் தொடர வேண்டுமானால் இந்த எண் வேண்டும் என்று வேளாண்மைத் துறை சொன்னது. முகாமுக்கு என்னென்ன கொண்டு வர வேண்டும் என்ற அறிவிப்பில் இருந்தவை ஆதார், ஆதாரோடு இணைந்த கைப்பேசி, பட்டா. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர், ஆதாரையும் கைப்பேசியையும் கொண்டு போகலாம்.